எட்டு நிமிடம், ஒரு வாட், முழு முதுகு: பிசியோதெரபி மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

தமிழ்நாட்டில் ஊர்தோறும் பிசியோதெரபி மையம் நடத்தும் உங்களுக்கும், அங்கே வலியுள்ள இடத்தில் தேய்க்கும் அல்ட்ராசவுண்ட் ஹெட்டைக் கையில் பிடிக்கும் பிசியோதெரபிஸ்ட்களுக்கும், "அல்ட்ராசவுண்ட் 10 சிட்டிங்" என்று சீட்டு எழுதி அனுப்பும் எலும்பு மருத்துவர்களுக்கும் சேர்த்தே இந்த மடல். எழுதுகிற நாங்கள் இந்தச் சிகிச்சையைக் கொடுப்பவர்கள், இந்தக் கருவிகளைப் பழுது பார்ப்பவர்கள்.

நோயாளிகள் இதைக் "கரண்ட் வைக்கிறது" என்கிறார்கள். மின்சாரம் செலுத்தும் ஐ.எஃப்.டி., டென்ஸ் சிகிச்சைகள், அல்ட்ராசவுண்ட் எல்லாமே அவர்களுக்குக் கரண்ட்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள், இரண்டிலும் ஒயர், இரண்டிலும் டைமர். ஆனால் அல்ட்ராசவுண்டில் உடலுக்குள் போவது மின்சாரம் இல்லை, ஒலி. ஹெட்டின் உலோக முகத்துக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பீங்கான் படிகம், மின்னழுத்தம் மாற மாற நொடிக்குப் பத்து லட்சம் முறையோ (1 மெகாஹெர்ட்ஸ்) முப்பது லட்சம் முறையோ (3 மெகாஹெர்ட்ஸ்) விரிந்து சுருங்குகிறது. ஜாக், பியர் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்த பீசோ மின்விளைவின் மறுபக்கம் இது. அந்த அதிர்வு தசைக்குள் போய் உறிஞ்சப்பட்டுச் சூடாகிறது. நோயாளி பெயரை மாற்றிச் சொன்னால் ஒன்றும் கெட்டுப்போகாது. நாம் நோட்டில் "யு.எஸ். – 8 நிமிடம்" என்று மட்டும் எழுதுகிறோமே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

அந்த ஒரு வரியில் எத்தனை விஷயம் விடுபட்டுப் போகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஹெட்டின் முகம் 5 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒலி உண்மையில் வெளிவரும் பரப்பு, அதாவது ஈ.ஆர்.ஏ., 4 ச.செ.மீ. இன்டென்சிட்டி ச.செ.மீ.க்கு 1 வாட் வைத்தால் மொத்தம் 4 வாட் வெளிவரும். 8 நிமிடம் என்பது 480 விநாடி. ஆக 1,920 ஜூல். இதை இடுப்பில் 20 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலத்துக்குத் தேய்த்தால் பரப்பு 240 ச.செ.மீ. ஒவ்வொரு ச.செ.மீ.க்கும் கிடைப்பது 8 ஜூல். அதே 1,920 ஜூலை ஈ.ஆர்.ஏ.வின் இரண்டு மடங்கு இடத்தில், அதாவது 8 ச.செ.மீ.யில் மட்டும் கொடுத்தால் ஒவ்வொரு ச.செ.மீ.க்கும் 240 ஜூல். முப்பது மடங்கு வித்தியாசம். நோட்டில் இரண்டுக்கும் ஒரே வரி!

முழு முதுகுக்கு எட்டு நிமிடம் தேய்த்தால் ஆபத்து ஒன்றும் வராது. பலனும் வராது. நோயாளிக்குத் தெரிவது குளிர்ந்த ஜெல்லும், மேலே ஒரு கை வட்டமாகச் சுற்றுவதும்தான். அந்த எட்டு நிமிடம் அவர் படுத்திருந்ததே கொஞ்சம் சுகம் தந்திருக்கும். அதற்குக் கட்டணம் வாங்குவது சரியா என்பதை உங்கள் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறோம்.

சூட்டின் கணக்கும் தெரிந்ததுதான். 1990களில் கெண்டைக்கால் தசைக்குள் ஊசி போன்ற வெப்ப உணரிகளைச் செருகி அளந்து பார்த்திருக்கிறார்கள். ஈ.ஆர்.ஏ.வின் இரண்டு மடங்குப் பரப்புக்குள், இடைவிடாத முறையில், 1 மெகாஹெர்ட்ஸில் ச.செ.மீ.க்கு 1 வாட் கொடுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.2 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது. 3 மெகாஹெர்ட்ஸில் அதே 1 வாட்டுக்கு நிமிடத்துக்கு 0.6 டிகிரி. 1.5 வாட் என்றால் முறையே 0.3, 0.9. வலியும் இறுக்கமும் தணிய 2 முதல் 3 டிகிரி ஏற வேண்டும். இறுகிய தசைநாரை இழுத்து நீட்ட வேண்டுமானால் 4 டிகிரி. இப்போது வகுத்துப் பாருங்கள். 1 மெகாஹெர்ட்ஸ், 1 வாட், 8 நிமிடம் என்றால் 1.6 டிகிரி, அதுவும் இரண்டு மடங்குப் பரப்புக்குள் நின்றால். அதே எட்டு நிமிடம் 3 மெகாஹெர்ட்ஸில் 4.8 டிகிரியைத் தரும். ஒன்று போதாது, இன்னொன்று கூர்ந்து கவனிக்க வேண்டிய அளவு. இவையெல்லாம் சராசரிதான், ஆளுக்கு ஆள், கருவிக்குக் கருவி மாறும். இருந்தாலும் "எல்லாருக்கும் எட்டு" என்ற வழக்கத்தைவிட இந்த வகுத்தல் மேல்.

ஏறிய சூடு நிற்கும் நேரமும் கொஞ்சம்தான். 3 மெகாஹெர்ட்ஸில் சூடேற்றிய தசையை நீட்ட நமக்குக் கிடைப்பது மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். பல மையங்களில் முதலில் அல்ட்ராசவுண்ட், பிறகு 15 நிமிடம் ஐ.எஃப்.டி., அதன் பிறகு "எக்சர்சைஸ் ரூமுக்குப் போங்க" என்கிற வரிசை. தோள் இறுகிப்போன நோயாளி எக்சர்சைஸ் அறைக்குள் நுழையும்போது அந்தச் சூடு எப்போதோ ஆறியிருக்கும். வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: ஐ.எஃப்.டி. முதலில், அல்ட்ராசவுண்ட் அடுத்து, ஹெட்டைக் கீழே வைத்த கையோடு ஸ்ட்ரெச். முடிந்தால் கடைசி இரண்டு நிமிடம் மூட்டை நீட்டிய நிலையில் வைத்தே ஹெட்டை ஓட்டுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

அலைவரிசை விஷயத்திலும் பழக்கமே ஆட்சி செய்கிறது. கருவியை ஆன் செய்தால் திரையில் 1 மெகாஹெர்ட்ஸ் நிற்கும், அப்படியே ஓட்டிவிடுகிறோம். 1 மெகாஹெர்ட்ஸ் ஆழத்துக்கு, ஏறக்குறைய இரண்டரை முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை. 3 மெகாஹெர்ட்ஸ் மேலாக உள்ளதற்கு. முழங்கை வெளிப்புற வலி, முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள தசைநார், மணிக்கட்டு, கணுக்கால் பக்கத் தசைநார்கள் எல்லாம் தோலுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டருக்குள் இருப்பவை. அங்கே 1 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் ஒலியில் பெரும்பகுதி தசைநாரைக் கடந்து எலும்பில் போய் இறங்கும். எலும்பு தசையைவிடப் பல மடங்கு வேகமாக ஒலியை உறிஞ்சும். நோயாளி "உள்ளே குடையுது" என்று முகம் சுளிப்பது எலும்பின் மேலுறை சூடாவதால்தான். கொழுப்பு இதற்கு நேரெதிர். ஒலியை அதிகம் உறிஞ்சாமல் கடத்திவிடும். அதனால் பருத்த உடல் என்பதற்காக இன்டென்சிட்டியைக் கண்மூடித்தனமாக ஏற்ற வேண்டியதில்லை. தசை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்து அலைவரிசையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ஒலியை விட்டு விட்டுத் தரும் பல்ஸ்டு முறையில் இன்னொரு தவறு நடக்கிறது. 1:4 என்றால் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் ஒலி வருகிறது. திரையில் 1 வாட் என்று காட்டினாலும் சராசரி 0.2 வாட். புதிதாகச் சுளுக்கிய கணுக்காலுக்கு இது பொருத்தமானதே; அங்கே சூடு வேண்டாம், சராசரி குறைவாக இருக்க வேண்டும். ஆனால் நேரத்தை அதற்கேற்ப நீட்ட வேண்டுமே? ஹெட் அளவு பரப்புக்கு ஒரு நிமிடம் ஒலி கிடைக்க வேண்டும் என்று வைத்தால், இரண்டு ஹெட் பரப்புக்கு 1:4இல் 2 × 5 = 10 நிமிடம் ஓட்ட வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டால் கொடுத்தது பாதிதான்.

இனி ஆபத்தின் பக்கம்.

ஹெட்டிலிருந்து வரும் ஒலிக்கற்றை எல்லா இடத்திலும் ஒரே பலத்தோடு இருப்பதில்லை. நடுவிலோ வேறெங்கோ கூர்மையான முகடுகள் இருக்கும். சராசரியைப்போல அந்த முகடு எத்தனை மடங்கு என்பதைச் சொல்லும் எண் பி.என்.ஆர். சர்வதேசத் தரவிதி 8க்கு மேல் போகக்கூடாது என்கிறது. நல்ல ஹெட்களில் 5 அல்லது அதற்கும் குறைவு. பி.என்.ஆர். 6 உள்ள ஹெட்டில் 1.5 வாட் வைத்தால், ஒரு சிறு புள்ளியில் ச.செ.மீ.க்கு 9 வாட் வீதம் இறங்கிக்கொண்டிருக்கும். அந்தப் புள்ளிகள் ஒலிக்கற்றையின் அருகுப் பகுதியில், அதாவது ஹெட்டை அடுத்துள்ள பகுதியில்தான் அதிகம். 1 மெகாஹெர்ட்ஸில், 4 முதல் 5 ச.செ.மீ. ஹெட்டுக்கு அந்த அருகுப் பகுதியே 8 முதல் 11 செ.மீ. நீளும், 3 மெகாஹெர்ட்ஸில் அதைப்போல மூன்று மடங்கு. நாம் சிகிச்சை தரும் தசை முழுவதும் அதற்குள்தான் கிடக்கிறது.

ஹெட்டை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்வது இதனால்தான். அசைத்தால் முகடு எந்த ஒரு புள்ளியிலும் தங்காது. நிறுத்தினால் இன்னொன்றும் நடக்கும்: எலும்பிலிருந்து திரும்பும் அலையும் போகும் அலையும் மோதி நிலையலை உருவாகும். அப்போது சிறு ரத்தக் குழாய்க்குள் சிவப்பணுக்கள் அரை அலைநீளத்துக்கு ஒன்றாக, 1 மெகாஹெர்ட்ஸில் முக்கால் மில்லிமீட்டர் இடைவெளியில், பட்டை பட்டையாகத் தேங்கி நிற்பதை 1970களில் கோழிக்குஞ்சுக் கருவில் பார்த்திருக்கிறார்கள். எனவே ஒரு கையால் போனைப் பார்த்துக்கொண்டு மறு கையை ஒரே இடத்தில் வைத்திருப்பது, அட்டெண்டரிடம் ஹெட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த நோயாளியிடம் போவது, நோயாளியின் கையிலேயே "நீங்களே தேச்சுக்குங்க" என்று கொடுப்பது, இந்த மூன்றையும் நிறுத்த வேண்டும்.

வேகமும் முக்கியம். விநாடிக்கு ஏறக்குறைய 4 செ.மீ. போதும். வேகமாகத் தேய்த்தால் பரப்பு தானாக விரிந்துவிடும், நாம் உணர மாட்டோம். அதைக் கட்டுப்படுத்த எளிய வழி ஒன்று: ஹெட்டைத் தோலில் வைத்து இரண்டு ஹெட் அளவுக்கு மார்க்கரால் கோடு போட்டுவிட்டு, அந்தக் கோட்டுக்குள்ளேயே சுற்றுங்கள். ஒருதடவை இப்படிச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் வழக்கமாகத் தம் கை எவ்வளவு அலைகிறது என்பது புரியும். ஹெட் தோலுக்குச் செங்குத்தாக, தட்டையாகப் படிய வேண்டும். சாய்ந்தால் ஒலி வழுக்கி வேறு திசைக்குப் போய்விடும்.

கணுக்கால் எலும்பு, விரல் மூட்டு போன்ற மேடுபள்ளமான இடங்களில் 5 ச.செ.மீ. ஹெட்டின் பாதி காற்றில் நிற்கும். காற்றுக்கும் திசுவுக்கும் இடையில் ஒலி கிட்டத்தட்ட முழுவதும் எதிரொலித்துத் திரும்பிவிடும். படிகம்தான் சூடேறிக் கெடும். அங்கே 1 ச.செ.மீ. சிறிய ஹெட் வேண்டும். இல்லையென்றால் நீருக்குள் சிகிச்சை: பிளாஸ்டிக் தொட்டி, கொதிக்க வைத்து மூடி ஆற வைத்த நீர், ஹெட்டுக்கும் தோலுக்கும் ஒரு செ.மீ. இடைவெளி. ஆற வைத்த நீரில் கரைந்த காற்று குறைவு, குமிழ் வராது. அப்படியும் ஹெட் முகத்திலோ தோலிலோ குமிழ் ஒட்டினால் துடைத்துவிட வேண்டும். ஹெட் நீருக்குள் போகக்கூடிய வகையா என்று கையேட்டில் முதலில் பாருங்கள், எல்லா ஹெட்டும் அப்படிப்பட்டவை இல்லை. உங்கள் கையை நீருக்குள் விடாதீர்கள்.

ஜெல்லைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பலர் வலி ஆயின்ட்மென்டையே ஜெல்லாகத் தடவி ஓட்டுகிறார்கள். மருந்தும் உள்ளே போகும், ஒலியும் போகும் என்ற நினைப்பு. தெளிவான ஜெல் வடிவ மருந்துகள் சில ஒலியை நன்றாகக் கடத்தும். கெட்டியான வெள்ளை க்ரீம்கள் பலவற்றில் ஒலி ஏறக்குறைய அப்படியே நின்றுவிடும். உங்களிடம் இருப்பது எந்த வகை என்று கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். ஹெட்டை முகம் மேலாகப் பிடித்து, விளிம்பைச் சுற்றி செல்லோடேப்பை ஒட்டிக் கிண்ணம்போல ஆக்குங்கள். உள்ளே அரை சென்டிமீட்டர் அந்த க்ரீமைப் போட்டு மேலே கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். இன்டென்சிட்டியை மெல்ல ஏற்றினால் தண்ணீர் நடுங்கி மேடு கட்ட வேண்டும். அசையாமல் கிடந்தால் அந்த க்ரீம் நோயாளியின் தோலுக்கு மேலேயே ஒலியை விழுங்குகிறது என்று பொருள். சோதனையைச் சில விநாடிகளில் முடித்துவிடுங்கள்.

அடுத்தது ஐந்து லிட்டர் கேன். கேனிலிருந்து சின்ன பாட்டிலுக்கு ஊற்றுவது, பாட்டிலில் மிச்சம் இருக்கும்போதே அதன் மேலேயே நிரப்புவது, அடியில் இருக்கும் பழைய ஜெல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே குடியிருப்பது. ஜெல்லில் கிருமி வளரும். 2021 ஆகஸ்டில் ஒரு கனடா உற்பத்தியாளரின் அல்ட்ராசவுண்ட் ஜெல்களில் பர்க்கோல்டேரியா செபேசியா வகைப் பாக்டீரியா கலந்திருந்ததால், அவற்றைப் பயன்படுத்தவே வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அறிவித்தது. மூடியைத் திறக்கும் முன்பே அசுத்தமான ஜெல் அது. நம் பாட்டில்கள் திறந்த பிறகு என்ன ஆகும்? பாட்டில் தீர்ந்ததும் எறியுங்கள், நிரப்பாதீர்கள். திறந்த தேதியை மேலே எழுதி ஒரு மாதத்தில் ஒதுக்குங்கள். பாட்டிலின் மூக்கு தோலையோ ஹெட்டையோ தொடக்கூடாது. குளிர்காலத்தில் சூடாக்க வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை நிறுத்தி வைக்கும் பழக்கம் வேண்டாம், அந்த நீரே கிருமிக்குப் பாலம். ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையில் ஹெட்டில் உள்ள ஜெல்லை முழுவதும் துடைத்தெடுத்த பிறகே, கையேடு அனுமதிக்கும் கிருமிநாசினியால் துடையுங்கள். ஜெல்லின் மேலேயே ஸ்பிரிட்டைத் தெளித்தால் அது ஹெட்டைச் சென்றடையாது. தோல் கிழிந்திருந்தாலோ புண் அருகே இருந்தாலோ ஒருமுறைப் பயன்பாட்டுக்கான ஸ்டெரைல் ஜெல் வேண்டும்.

யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற பட்டியல் எல்லார் சுவரிலும் ஒட்டியிருக்கிறது. கர்ப்பிணியின் வயிறு, இடுப்பு, புற்றுக்கட்டி உள்ள இடம், கண், விரை, ஆழ்சிரை ரத்த உறைவு, கழுத்தின் முன்பக்கம், பேஸ்மேக்கர் உள்ள மார்புப் பகுதி, காசநோய் போன்ற தொற்றுள்ள இடம், ரத்தக்கசிவு, அண்மையில் கதிர்வீச்சு பெற்ற திசு, லேமினெக்டமி (முதுகெலும்பின் பின்பகுதியை அகற்றும் அறுவை) செய்த முதுகுத்தண்டுக்கு நேர் மேலே, வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனித் தட்டுகள். இவற்றை விரித்துச் சொல்லத் தேவையில்லை. "ஸ்கேனும் அல்ட்ராசவுண்டுதானே, கர்ப்பத்தில் அதை எடுக்கிறார்களே" என்று கேட்பவர்களிடம் ஒன்று சொல்லலாம்: அது எதிரொலியைக் கேட்கும் கருவி, இது சூடேற்றும் கருவி.

சுவரில் இருந்தும் கவனத்தில் இல்லாதவை மூன்று. முதலாவது, மரத்துப்போன தோல். இந்தச் சிகிச்சையில் நமக்கு வெப்பமானி நோயாளிதான். அவர் "சுடுது" என்று சொல்வதை வைத்தே நாம் பாதுகாப்பாக இருக்கிறோம். பல்லாண்டு சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்குக் குதிகால் வலி என்றால், அந்த வெப்பமானி வேலை செய்யாது. முதல் நாளே இரண்டு டெஸ்ட் டியூபில் வெந்நீரும் குளிர்நீரும் எடுத்து, கண்ணை மூடச் சொல்லி, மாற்றி மாற்றி வைத்துக் கேளுங்கள். பிரித்துச் சொல்லத் தெரியாவிட்டால் அங்கே சூடேற்றும் அல்ட்ராசவுண்ட் வேண்டாம். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் கொப்புளம் வந்தால் பதில் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்காது.

இரண்டாவது, மாற்று மூட்டு. "உள்ளே இரும்பு இருக்கு, அல்ட்ராசவுண்ட் கூடாது" என்பது மின்காந்த அலையால் சூடேற்றும் ஷார்ட்வேவ் டயதெர்மியிலிருந்து வந்த பயம். உலோகத் தகடு ஒலியை எதிரொலிக்கும், சூட்டை விரைவாகக் கடத்திவிடவும் செய்யும். குறைந்த அளவில், ஹெட்டை நிறுத்தாமல் ஓட்டினால் அது முழுத் தடையல்ல. மாற்று முழங்காலில் உண்மையான கவலை அதன் பிளாஸ்டிக் பாகமும் எலும்போடு ஒட்ட வைக்கும் சிமென்டும். அவை சூட்டை உறிஞ்சும். அங்கே கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது, காரணம் தெரியாத முதுகுவலி. இரவில் அதிகமாகும் வலி, உடல் மெலிவு, மாலைக் காய்ச்சல், பழைய புற்றுநோய் வரலாறு. இவற்றில் ஒன்று இருந்தாலும் கையில் ஹெட்டை எடுக்காமல் மருத்துவரிடம் திருப்பி அனுப்புங்கள். முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் அரிதானது அல்ல.

கேட்கும் விதத்தையும் மாற்றுங்கள். "ஓகேவாம்மா?" என்று கேட்டால் நம் அம்மாக்கள் "பரவாயில்ல தம்பி" என்றுதான் சொல்வார்கள், சுட்டாலும் பொறுத்துக்கொள்வார்கள். தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "இதமா வெதுவெதுன்னு இருக்கணும். சுட்டாலோ, உள்ளே குடைஞ்சாலோ, குத்தினாலோ உடனே சொல்லுங்க, பொறுத்துக்காதீங்க." சொன்ன உடனே இன்டென்சிட்டியைக் குறையுங்கள், அல்லது பரப்பைச் சற்றே விரியுங்கள். குடைச்சல் தொடர்ந்தால் நிறுத்திவிடுங்கள்.

இப்போது கருவிக்கு வருவோம். எங்களில் பழுது பார்ப்பவர்கள் வலியுறுத்தும் பகுதி இது.

திரையில் தெரியும் எண், கருவி தான் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் எண். உண்மையில் என்ன வெளிவருகிறது என்பது ஹெட்டைப் பொறுத்தது. ஹெட் ஒருமுறை கீழே விழுந்தால் படிகத்தில் நுண்விரிசல் விழலாம். அல்லது படிகத்தை உலோக முகத்தோடு ஒட்டிய பசை ஒரு மூலையில் விட்டுப்போகலாம். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. திரை அதே 1 வாட்டைக் காட்டும், வெளிவருவது பாதியாகவும் இருக்கலாம், ஒரே மூலையில் குவிந்தும் இருக்கலாம். கேபிள் ஹெட்டோடு சேரும் கழுத்தில் உள்கம்பி அறுந்து விட்டு விட்டு இணைவது இன்னொரு வழக்கமான பழுது. ஹெட்டைக் கேபிளில் தொங்கவிடுவதால் வருவது. விளிம்பு வழியே ஜெல் கசிந்து உள்ளே போவது மூன்றாவது.

ஹெட்டை மாற்றிப் போடுவதும் அப்படியே. ஒவ்வொரு படிகத்துக்கும் அதற்கேயுரிய ஒத்ததிர்வு எண் உண்டு. கருவி அந்த ஹெட்டுக்கென்று டியூன் செய்யப்பட்டிருக்கும். "அந்த ரூம் மெஷின் ஹெட்டை இதுல மாட்டுங்க" என்றால் பின் பொருந்தும், கணக்கு பொருந்தாது. பழைய எளிய கருவிகளில் புது ஹெட் போட்டால் உள்ளே திருத்தியமைத்து அளந்து பார்த்தே தர வேண்டும். அப்படி அளந்த தாள் இல்லாமல் ஹெட்டை மாற்றித் தருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

தினமும் காலையில் ஹெட் முகத்தில் நாலு சொட்டு தண்ணீர் விட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். கொதிப்பதுபோல் துள்ளினால் உயிர் இருக்கிறது. துள்ளல் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் துள்ளுகிறது என்பதற்காக 1 வாட் வருகிறது என்று முடிவு கட்ட முடியாது. பாதி வந்தாலும் துள்ளும். அளக்க வேண்டுமானால் ஒலியழுத்தத் தராசு, அதாவது பவர் மீட்டர் வேண்டும். ஒலி ஒரு இலக்கை மோதும்போது தள்ளும் விசையை அது எடையாக அளக்கிறது. நீரில் ஒரு வாட் ஒலி ஏறக்குறைய 68 மில்லிகிராம் எடைக்குச் சமமாகத் தள்ளும், கிட்டத்தட்ட மூன்று அரிசி மணி. இவ்வளவு நுட்பமான அளவு என்பதால் மின்விசிறிக் காற்று, நீரில் உள்ள குமிழ், மேசை ஆட்டம் எல்லாமே முடிவைக் கெடுக்கும். ஆற வைத்த நீரில், விசிறியை நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். 4 வாட்டுக்கு வைத்தால் 3.2 முதல் 4.8க்குள், அதாவது 20 சதவீதத்துக்குள் வர வேண்டும். அமெரிக்க விதியின் வரம்பு அதுவே. குறைந்த அளவு, நடுத்தர அளவு, அதிகபட்சம் என்று மூன்று இடத்திலாவது, 1, 3 மெகாஹெர்ட்ஸ் இரண்டிலும் அளக்கச் சொல்லுங்கள். டைமரை ஸ்டாப்வாட்சோடு ஒப்பிடுங்கள். அதே விதிப்படி 5 நிமிடத்துக்குக் கீழே வைத்தால் அரை நிமிடம், 5 முதல் 10 நிமிடம் என்றால் 10 சதவீதம் வரை விலகலாம். ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்து, எண்களோடு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். "சர்வீஸ் டன்" என்ற ஸ்டிக்கர் வேண்டாம், அதில் எண் இல்லை.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வரி: மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகி எர்த்தை அறுக்காதீர்கள்.

சான்றுகளைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். 2001இல் வந்த ஒரு புகழ்பெற்ற மீளாய்வு, தரமான ஆய்வுகள் என்று பத்தைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தபோது, அவற்றில் இரண்டில்தான் அல்ட்ராசவுண்ட் போலிச் சிகிச்சையைவிட மேலாக இருந்தது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016 வழிகாட்டியில், இடுப்பு வலிக்கு அல்ட்ராசவுண்ட் கொடுக்க வேண்டாம் என்று நேரடியாகவே எழுதியது. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு நாள்பட்ட இடுப்பு வலி பற்றிச் செய்த மீளாய்வும் 2020இல் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. முழங்கால் தேய்மானத்துக்கு ஓரளவு பலன் இருக்கலாம் என்று 2010 காக்ரேன் மீளாய்வு சொன்னாலும் சான்றின் தரம் குறைவு என்றும் சேர்த்தே சொன்னது. சரியாக வேலை செய்த இடங்களும் உண்டு. தோள் தசைநாரில் சுண்ணாம்பு படிந்தவர்களுக்கு வியன்னாவில் செய்து 1999இல் வெளிவந்த ஆய்வு, பல்ஸ்டு முறையில், 15 நிமிடம் வீதம் 24 சிட்டிங். சிகிச்சை முடிந்தபோது வலி குறைந்து அசைவு கூடியிருந்தது, ஒன்பதாம் மாதத்தில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அதே குழு 1998இல் மணிக்கட்டு நரம்பு அழுத்தத்துக்கு 1 மெகாஹெர்ட்ஸ், 1 வாட், 1:4, 15 நிமிடம், 20 சிட்டிங் கொடுத்துப் பலன் கண்டது. சின்ன இடம், நீண்ட நேரம், எழுதி வைத்த அளவு. இவற்றை நம் வழக்கத்தோடு ஒப்பிட்டால் நமக்கே கூச்சமாக இருக்கும்.

எலும்பு முறிவு சேர உதவுவதற்கென்று உள்ள அல்ட்ராசவுண்ட் வேறு கருவி. அதன் அளவு ச.செ.மீ.க்கு 30 மில்லிவாட் மட்டுமே. அதையும் 2016இல் 501 கால் எலும்பு முறிவு நோயாளிகளிடம் சோதித்தபோது கூடுதல் பலன் தெரியவில்லை. மையத்தில் இருக்கும் கருவியால் முறிவைச் சேர்ப்பதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஆகவே எலும்பு மருத்துவர்களிடம் எங்கள் கோரிக்கை: "அல்ட்ராசவுண்ட் 10 சிட்டிங்" என்று எழுதுவதற்குப் பதில் நோயின் பெயரையும் "பிசியோதெரபி மதிப்பீடு" என்பதையும் எழுதுங்கள். கருவியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை பிசியோதெரபிஸ்ட்டிடம் விடுங்கள். மையம் நடத்துவோரிடம் கேட்பது: பத்து நாள் பேக்கேஜை முதல் நாளே விற்காதீர்கள். மூன்று சிட்டிங் முடிந்ததும் அசைவையும் வலியையும் அளந்து பாருங்கள், மாற்றம் இல்லையென்றால் அல்ட்ராசவுண்டை விட்டுவிட்டு உடற்பயிற்சிக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள். இடுப்பு வலிக்காரருக்கு அந்த எட்டு நிமிடத்தில் மூன்று பயிற்சிகளைச் சரியாகக் கற்றுத்தரலாம்.

ஆன்லைனில் விற்கும் கையடக்கக் கருவிகளை வாங்கி அம்மாவின் முழங்காலுக்குக் கொடுக்கும் பிள்ளைகள் உங்களிடம் ஆலோசனை கேட்டு வருவார்கள். பெட்டியில் ஈ.ஆர்.ஏ., பி.என்.ஆர்., வாட் அளவு மூன்றும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புதுக் கருவி வாங்கும்போது அதே மூன்று எண்ணை நீங்களும் கேளுங்கள். ஹெட்டிலோ கையேட்டிலோ அவை இருந்தாக வேண்டும். விற்பனையாளர் திரையின் தொடுதிறனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கடையை மாற்றுங்கள்.

நோட்டில் இனி ஒரு வரி இப்படி இருக்கட்டும்: "வலது முழங்கை வெளிப்புறம், 3 மெ.ஹெ., கன்டின்யுவஸ், 1.0 வாட்/ச.செ.மீ., ஈ.ஆர்.ஏ. 4, பரப்பு 8 ச.செ.மீ., 6 நிமிடம், ஜெல், கருவி எண் 2, உணர்வுச் சோதனை சரி, இதமான சூடு, உடனே ஸ்ட்ரெச்." எழுத அரை நிமிடம் ஆகும். அடுத்த நாள் வேறு பிசியோதெரபிஸ்ட் வந்தாலும் அதே அளவைக் கொடுக்க முடியும். பலன் இல்லையென்றால் எதை மாற்றுவது என்றும் தெரியும்.

அளந்தபோது 20 சதவீதத்துக்கு வெளியே போன கருவி இருந்தால், ஹெட்டைக் கழற்றி, "பயன்படுத்தாதீர்" என்று எழுதி ஒட்டி, சிகிச்சை அறையிலிருந்தே வெளியே எடுத்து வையுங்கள். அறைக்குள் இருந்தால், கூட்டமான ஒரு மாலையில் யாராவது அதை ஆன் செய்துவிடுவார்கள்.

இங்ஙனம்,
பிசியோதெரபிஸ்ட்கள், மருத்துவக் கருவிப் பராமரிப்பாளர்கள் சிலர்